வாழைப்பூ நரம்பு

அம்பத்தூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள், வேலை முடிந்த களைப்போடு எனக்கு எதிரே உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்தார்கள். ஒவ்வொரு பூவிலிருந்தும் தீக்குச்சி போன்ற நரம்பை உருவி எறிந்தார்கள்.

"இன்னாக்கா, ஒண்ண நரம்போடவே பையில போட்டுட்ட?" என்றாள் இளையவள்.

"தெரிஞ்சுதான் போட்டேன். அது வேகாது. வாயில மாட்டுனா உன் மாமா கத்துவாரு."

"கத்தறதுக்கா போட்ட?"

"வேலை போனதுலேர்ந்து மனுசன் வாயே தொறக்கல. துன்னுட்டு செவுத்தயே பாத்துகினு கீறாரு. கத்துனா கொரலாவது கேக்குமில்ல."

ஆவடி வந்தது. இளையவள் தன் கையிலிருந்த கடைசிப் பூவையும் நரம்போடு பையில் போட்டாள்.

"ஒண்ணுதான்னா அது உன் தட்டுக்கே வந்துடும்க்கா."