குசினியில் எடுத்த நற்கருணை

ஞாயிறு பின்னேரம், பொலிதேயாமா பஸ் தரிப்பில் மழைக்காக டெலிபோன் கூண்டோரம் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் இரண்டு மன்னார்ப் பெண்கள். இளையவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இண்டைக்கு நான் நன்மை எடுத்தது குசினியிலை, அக்கா."

"ஏன், பூசைக்குப் போகேல்லையோ?"

"நான் வேலைக்கு நிக்கிற வீட்டிலை, படுக்கையிலை கிடக்கிற கிழவி சின்யோராவைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? அவவின்ரை மகள் இப்பதான் வந்தவ. காலமை பங்குச் சுவாமியார் வீட்டை வந்து மனுசிக்கு நற்கருணை குடுத்தவர். நான் பக்கத்திலை மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"உனக்குத் தரேல்லையோ?"

"என்னைச் சைவம் எண்டு நினைச்சிருப்பார். கேக்கவுமில்லை."

"நீ வாய் திறந்து சொல்லியிருக்கலாமே, வேதக்காரி எண்டு."

"வாய் வரேல்லை அக்கா. அவர் போனாப்பிறகு மனுசி விழுங்கேலாமல் அந்த அப்பத்தைத் தண்ணிக் கிளாசுக்கை துப்பிப்போட்டுது. ஆண்டவரைக் கொண்டுபோய்த் தொட்டிக்கை ஊத்தேலுமோ? குசினிக்கை போய் நானே குடிச்சன்."

மூத்தவள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

"அதுவும் நன்மைதான். ஆமென் சொன்னியோ?"

"ஆருக்குச் சொல்லிறது? 'கிறிஸ்துவின் உடல்' எண்டு சொல்லித் தர அங்கை ஒருத்தரும் இல்லையே."