ஷாக்கேயின் மறதி

கால்பந்துக் கழகத்தின் மருத்துவருக்கு உண்மையில் பெரிய வேலை கிடையாது. சுளுக்கு, தசைப்பிடிப்பு, கிழிந்த புருவத்தில் இரண்டு தையல். கொமுர்ச்சு கழகத்தில் பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தேன். மீதி நேரத்தில் தேநீர் குடித்தேன், பெரும்பாலும் பயிற்சியாளர் ஷர்ஷென்பெக்குடன். ஊரே அவரை மரியாதையாக ஷாக்கே என்று அழைத்தது.

நீங்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, அணி இருக்கிறது. வேறொன்றும் இல்லை. அந்த வருடம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் கழகத்தையே மூடிவிடுவதாகச் சுரங்க நிர்வாகம் சொல்லிவிட்டது. நாங்கள் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தோம்.

ஷாக்கேயின் காலம் முடிந்துவிட்டது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆட்டத்தை இன்னும் ஆடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கழகத் தலைவர் அசில்பெக் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், இந்தக் கிழவரை எப்படிய்யா அனுப்புறது? நான் நீக்கினேன்னு தெரிஞ்சா நாளைக்கு என் ஆபீஸ்ல ஒரு ஜன்னல் மிஞ்சாது."

"அவரா விலக மாட்டாரா?"

"கேட்டுப் பாத்தாச்சு. 'மைதானத்துலேருந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும், தம்பி'ன்னுட்டார்."

அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். அசில்பெக் நல்ல மனிதர்.

ஷாக்கேயின் இரத்த அழுத்தத்துக்கு நான்தான் மாத்திரை கொடுத்துவந்தேன். அதோடு இன்னொன்றைச் சேர்த்தேன். தூக்கம் வராதவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் சாதாரண மாத்திரைதான். வயதானவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மூளை மந்தமாகும், நினைவு நழுவும். ஒரு வைட்டமின் புட்டியில் போட்டு, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஷாக்கே. சோர்வு போயிடும்" என்றேன்.

"நீ இல்லேன்னா நான் எப்பவோ மண்ணுக்குள்ள போயிருப்பேன்டா, ஜேனாலி" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம் வேறு வேறு ஜோடிக் காலணிகளைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். அடுத்த ஆட்டத்தில், இடைவேளையிலேயே வெளியே எடுத்துவிட்ட எர்மெக்கை முன்னால் ஓடச் சொல்லிக் கத்தினார். எர்மெக் அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"ஷாக்கே, நான் இங்கதான் இருக்கேன்."

முதலில் சிலர் சிரித்தார்கள். ஷாக்கே திரும்பி, யாரென்று தெரியாதவர் போல அவனைப் பார்த்தபோது அந்தப் பக்கத்து இருக்கைகள் எல்லாம் அடங்கிப்போயின.

மறுநாள் நான் சான்றிதழ் எழுதினேன். முதுமை மறதி நோய், ஆரம்ப நிலை. அதைப் படித்துவிட்டு அசில்பெக் அழுதார்.

புதிய பயிற்சியாளர் தாலாய் அல்மாட்டியிலிருந்து வந்தவர். முதல் ஆட்டத்தில், "எங்க ஷாக்கே எங்கடா, திருட்டுப் பசங்களா?" என்று கூட்டம் கத்தியது. தாலாயின் மேல் சூரியகாந்தி விதைத் தோலும் காலிப் பாட்டிலும் விழுந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் அதற்கடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வரவே இல்லை. அசில்பெக் என் சான்றிதழைக் கழக வாசலில் ஒட்டினார். அதன் பிறகு கூச்சல் நின்றது. கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தோம். கழகம் இன்றும் இருக்கிறது.

அத்தோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். நவம்பரில் அளவைக் குறைத்தேன். சில வாரங்களில் ஷாக்கே தொலைபேசியில் அழைத்தார். குரல் தெளிவாக இருந்தது.

"ஜேனாலி, தலைக்குள்ள பனிமூட்டம் விலகின மாதிரி இருக்குடா. இது மறதி நோய் இல்லைன்னு தோணுது. பிஷ்கெக்ல பெரிய டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாம்னு இருக்கேன்."

"தாராளமா காட்டுங்க, ஷாக்கே. அதுவரைக்கும் வைட்டமினை மட்டும் விட்டுடாதீங்க. நானே புதுசு கொண்டுவர்றேன்."

அன்று மாலையே கொண்டுபோனேன். அளவு பழையபடி, கொஞ்சம் கூடுதலாகவே. அவருக்குத் தெரிந்துவிட்டால் ஊர் இரண்டுபடும், அணி சிதறும். அதை நான் யோசிக்க வேண்டியிருந்தது.

ஜனவரியில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி புருல்சா எனக்கு மாந்தி, எங்கள் ஊர் இறைச்சிக் கொழுக்கட்டை, வேகவைத்துப் பரிமாறினார்.

"பகல்லயும் தூங்கிட்டே இருக்கார், தம்பி. நேத்து என் பேரைக் கேட்டார். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாம நானே வாயில போட்டுடறேன்" என்றார்.

"நல்லது, அக்கா" என்றேன். மாந்தி சுவையாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு மதியம், ஷாக்கே தேநீர் போட எரிவாயு அடுப்பைத் திறந்திருக்கிறார், பற்றவைக்க மறந்திருக்கிறார். பிறகு தெருவுக்குப் போய், அங்கே இல்லாத ஆட்டக்காரர்களை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னல்களைக் குளிருக்காகத் துணி வைத்து அடைத்திருந்தார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த புருல்சா எழுந்திருக்கவில்லை. அந்தச் சான்றிதழையும் நான்தான் எழுதினேன்.

அடக்கத்தன்று ஷாக்கே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தானேடா அவளைக் கொன்னேன்?"

"நீங்க இல்லை, ஷாக்கே. நோய்தான்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். அன்று முழுவதும் நான் அவர் பக்கத்திலிருந்து நகரவில்லை.

மகள் ஐசுலூ அவரைப் பிஷ்கெக்குக்கு அழைத்துப்போனாள். புட்டி தீரப்போகும் சமயம், அதே வைட்டமின் வேண்டுமென்று ஒரு மாத்திரையை மருந்துக்கடையில் காட்டியிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்று ஐசுலூவிடம் சொல்லுங்கள். முடிந்தால், நிறுத்தவே வேண்டாம் என்று சொல்லுங்கள். தெளிந்துவிட்டால் புருல்சாவைப் பற்றி அவர் யோசிக்க வேண்டிவரும். பத்தொன்பது வருடம் அவரைக் கவனித்த மருத்துவன் நான். அவரை அப்படி வேதனைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.