ஜெயசித்ராவின் பூச்சாடி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் வீட்டுக்கு வீடு சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். அதில் தப்பே இல்லை, சார். நாலு பேர் வந்து போனால்தான் அது வீடு.

என் வீட்டுக்காரர் இசக்கிதுரையின் தங்கை ஜெயசித்ரா. ஆனி பிறந்ததும் புருஷனை மதுரையில் விட்டுவிட்டு வந்து இறங்குவாள். "நாலு நாளுதான் மைனி, அருவில தலைய நனைச்சிட்டுப் போயிருதேன்" என்பாள். அந்த நாலு நாள் ஆவணியில்தான் முடியும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் தென்காசிக்காரன் இல்லை. அதுவரை என் கட்டில் அவளுக்கு. நாங்கள் இருவரும் அடுப்படியில் பாய் விரிப்போம். பதினோரு வருஷம், சார். ஒரு கட்டிலுக்காக எவளாவது அழுவாளா என்று கேட்காதீர்கள், நான் அழுதிருக்கிறேன்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் உங்களுக்கு என் வேலை தெரியும். வீடு வீடாகப் போய்த் தொட்டியில் டார்ச் அடித்து, கொசுப்புழு இருந்தால் கொட்டச் சொல்ல வேண்டும். இந்த ஆனியில் ஒரு தொட்டியில் எடுத்த புழுவைக் கொட்ட மனசு வரவில்லை. அதுவும் உயிர்தானே. பாட்டிலில் பிடித்து வந்து, கட்டில் தலைமாட்டில் இருந்த பூச்சாடியில் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டேன். இன்றைக்கு நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களே, அதே சாடி. ஜெயசித்ரா வாங்கித் தந்தது, பிளாஸ்டிக் ரோஜா செருகியது.

நாலு கடி கடித்தால் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். கடி மட்டும்தான். கொசு தானாகக் காய்ச்சலைக் கொண்டுவராது, காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்துவிட்டு வர வேண்டும். தெருத்தெருவாக இதைச் சொல்கிறவளே நான். அடுத்த வீட்டு மாடத்திக்கு டெங்கு என்று பட்டியலில் எழுதியதும் நான்தான். அந்த வாரம்தான் எங்கள் ஜன்னல் வலையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். அழுக்காக இருந்தது.

ஜெயசித்ரா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். பிழைத்தால் உண்டு என்றார்கள். நான் கும்பிடாத சாமி இல்லை. எப்படியோ பிழைத்தாள். ஆனால் மதுரைவரை பஸ்ஸில் உட்காரத் தெம்பில்லை. திரும்பவும் என் கட்டிலுக்கே வந்தாள். நிலவேம்பு காய்ச்சினேன், கஞ்சி ஊட்டினேன், முதுகு துடைத்துவிட்டேன். ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது.

போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த அம்மகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா மைனி. இனிமே சீசன் இல்லாட்டாலும் வந்து ஒங்ககூடயே இருந்திருதேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது, சத்தியமாக. அந்தச் சாடியை எப்போதோ கழுவிக் காயவைத்துவிட்டேன், சார். அன்று சாயங்காலம்தான் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் எதற்கு என்பீர்கள். பார்க்க வாடின மாதிரி இருந்தது.