காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள் சார், காகிதம் பறக்கிறது. பதினாறு வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்றவளுக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்காது.

என் மகள் இந்தச் சேர்க்கை அலுவலகத்தில் உங்களிடம் கொடுத்த மனுவைப் படித்தேன். ‘வேலியே பயிரை மேய்ந்துவிட்டது’ என்று ஆரம்பித்திருக்கிறாள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் விஷயத்துக்கு வர ஒன்றரைப் பக்கம் ஆகிறது. நுழைவுத்தேர்விலும் இப்படித்தான் நேரத்தைக் கோட்டைவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். தெருவில் நொண்டுகிற நாயெல்லாம் எங்கள் வாசலில்தான் கிடக்கும். நான் பிரிட்ஜ் கதவில் நான்கு வருடத் திட்டத்தை ஒட்டினேன். எந்த மாதம் எந்தப் பாடம், எந்த வாரம் மாதிரித் தேர்வு, எல்லாம் அதில் இருக்கும். கடைக்கு வருகிற பழைய வினாத்தாள்களில் ஆளுக்கொன்று என்று இரண்டு பிரதி வீட்டுக்கு வரும். அவளைக் கேள்வி கேட்க எனக்குப் பதில் தெரிய வேண்டாமா? படித்தேன். எந்தத் தாயும் செய்வதுதான்.

மாதிரித் தேர்வுகளைத் துணைக்கு நானும் எழுதினேன். எனக்குத்தான் மார்க் கூட வந்தது. அவளிடம் சொல்லவில்லை. பிள்ளை மனசு உடைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மரபியல் கணக்குக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன், நாலே வரி. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை. எழுந்ததும் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் ஏழு மாதம் மறந்துபோனது.

பெற்றோர் தேர்வுக்கூட வாசலோடு நிற்க வேண்டுமாம். உள்ளே பிள்ளைக்கு மயக்கம் வந்தால் யார் பார்ப்பது? விண்ணப்பத்தை மூன்று முறை படித்தேன். வயது வரம்பு எதுவும் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் நானும் தேறியவள்தான். நானும் ஒன்று போட்டேன்.

“உனக்கு அங்க என்னடி வேலை?” என்றார் வீட்டுக்காரர்.

“துணைக்குப் போறேங்க. அவ்வளவுதான்.”

அடுத்தடுத்த எண். அவள் முன் பெஞ்சு, நான் பின் பெஞ்சு. மரபியல் கணக்கு மூன்று வந்தது. அவள் பேனா மூடியைக் கடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றையும் போட்டு முடித்துவிட்டுத்தான் பாவப்பட்டேன்.

கடைசி சீட் எனக்கு வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

“விட்டுக் குடும்மா. நாயைப் பாத்தா கட்டில் மேல ஏறுற ஆளு நீ!” என்று அழுதாள்.

“தாயும் பிள்ளையும் ஒண்ணானாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் அவள் அப்பா. எனக்குச் சுருக்கென்றது. நானும் அழுதேன். அழுதுவிட்டுச் சான்றிதழ்களை மூன்று பிரதி எடுத்தேன்.

இப்போது விலகல் படிவத்தை நீட்டுகிறீர்கள். ஐந்து மணிக்குள் நான் கையெழுத்துப் போட்டால் சீட் அவளுக்கு, போடாவிட்டால் எனக்கு. அவள் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது சார். கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். பின்பக்கமும் இருக்கிறதா? அதையும் பார்த்துவிடுகிறேன்.

மணி ஐந்தாகிவிட்டதா? சரி.

இத்தனையும் அவளுக்காகத்தான் சார். அடுத்த வருடம் அவள் தாராளமாகச் சேரட்டும். நான் சீனியராக இருப்பேன், அவளை ஒருத்தரும் ராகிங் செய்ய விடமாட்டேன்.