ஏழாவது மலை

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவன் சொன்னது காதில் விழுந்ததும் நான் என் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"ஏழு மலை தாண்டிப் போன ராஜகுமாரன் நான்தான் மச்சான். ஆறு அரியரைத் தாண்டிட்டேன். ஏழாவது மலை இந்த மேத்ஸ்."

"ராஜகுமாரனுக்குக் குதிரை இருந்துச்சுடா. நீ தெனம் ஃபுட்போர்டுல தொங்கினு வர்ற."

"அவனுக்கு ஒரே ஒரு ராட்சசன். எனக்கு டிபார்ட்மென்ட் முழுக்க ராட்சசன்தான்."

"சரி, ரிசல்ட் வந்துடுச்சாம். பார்க்கட்டா?"

அவன் தன் போனை நண்பன் கையில் திணித்தான். "நீயே பாரு."

நண்பன் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். படப்பைக்கு முந்தைய நிறுத்தமும் போய்விட்டது.

"பாஸுடா!"

ஜன்னலோரத்தான் போட்ட கூச்சலில் கண்டக்டரே ஓடி வந்தார். "இன்னாப்பா, இன்னா ஆச்சு?"

"பாஸ் ஆயிட்டேண்ணா!"

"சந்தோஷம். பஸ் பாஸை எடு."

அதைக் காட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா, மேத்ஸ் அரியரும் போச்சும்மா... ஐயோ, ஃபெயில் இல்லம்மா, பாஸ்! இன்னாது, குன்றத்தூர் மலைக்கோயில்ல மொட்டைன்னு வேண்டிக்கினியா? யாருக்கு?"

தோள்வரை வளர்த்திருந்த முடியின் மேல் அவன் கை தானாகப் போனது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அடுத்த வாரம் காலேஜ் டேம்மா..."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சரி சரி, அழாத. ஞாயித்துக்கிழமையே போலாம்."