சம்புல விழுந்த ஓட்டை

பொன்ராஜ்: …டார்ச்ச என்ஜின் மேல காட்டுலே. என் மூஞ்சியில என்ன தேடுத?

மாரீஸ்வரன்: வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்தும் அதிகாரம் போகல பாருங்க. ரிட்டயராகி மூணு நாளாச்சுண்ணே.

பொன்ராஜ்: முப்பத்தாறு வருசம் தேயிலை பேக்டரியில பிட்டரா இருந்த வாயி. மூணு நாள்ல மூடிருமா? ஆயில் பூரா வடிஞ்சிருச்சா?

மாரீஸ்வரன்: பாதி ரோட்டுலயே போச்சு. மீதி இந்தா, பேசின்ல.

பொன்ராஜ்: நல்ல வண்டி வச்சிருக்க. என் கட்டிலும் பீரோவும் ஏத்துன அன்னைக்குத்தான் என்ஜின் அடித்தொட்டி, இந்த சம்ப்பு ஒழுகணுமா? பத்தாம் நம்பர் ஸ்பேனர் குடு.

மாரீஸ்வரன்: அண்ணே, விட்டுருங்களேன். பழைய பிக்கப்பு. சம்ப்பக் கழட்டணும்னா என்ஜினயே தூக்கணும். சாமான எறக்கி வீட்டுல வச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சு…

பொன்ராஜ்: எந்த வீட்டுல? காலையிலதான ஆபீஸ்ல சாவியக் குடுத்தேன். கம்பெனி வீடு, வேலை முடிஞ்சா காலி பண்ணணும். கியர்பாக்ஸுக்கு அடியில பலகை வச்சு ஜாக்கி குடுத்தியா?

மாரீஸ்வரன்: குடுத்திருக்கேன்.

பொன்ராஜ்: அப்ப ஏத்து. மெல்ல… மெல்லலே! ஆங், போதும். இப்ப சம்ப் வெளிய வர வழி இருக்கு. இருட்டுறதுக்குள்ள சின்னார் செக்போஸ்ட்ட தாண்டிரலாம்.

மாரீஸ்வரன்: அவ்வளவு அவசரமா?

பொன்ராஜ்: பின்ன? திருப்பூர்ல மகன் ரூம்ப ஒழிச்சு வச்சிருக்கான். பேத்தி மோனிஷா வாசல்லயே நிப்பா.

மாரீஸ்வரன்: அங்க வெக்கை தாங்காதுண்ணே. இங்க பள்ளிவாசல் எஸ்டேட்டு குளிர்ல கெடந்த உடம்பு.

பொன்ராஜ்: ஃபேன் போட்டுக்கிடுதேன். இந்தா, கடைசி போல்ட். தனியா வை, தொலைச்சிராத.

மாரீஸ்வரன்: எல்லாம் எடுத்தும் சம்ப் அசையலயே?

பொன்ராஜ்: நடுவுல இருக்க பேக்கிங் அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு.

மாரீஸ்வரன்: ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்பிரவா?

பொன்ராஜ்: நெம்புனா ஓரம் கோணிரும். மரச்சுத்தியலக் குடு. சுத்திச் சுத்தித் தட்டணும்… வருது… பிடி, பிடி!

மாரீஸ்வரன்: யப்பா… பிடிச்சிட்டேன்.

பொன்ராஜ்: நானும் வெளிய வாரேன்… கைய குடு. அம்மா, இடுப்பு… வண்டி எங்க அடிபட்டுச்சுன்ன?

மாரீஸ்வரன்: ஆபீஸ் எறக்கத்துல. கல்லு.

பொன்ராஜ்: துணியக் குடு, தொடைச்சுப் பாப்போம்.

மாரீஸ்வரன்: எதுக்குண்ணே… அப்படியே வெல்டிங் கடையில குடுத்துருவோம்.

பொன்ராஜ்: குடுலே. …மாரீசு.

மாரீஸ்வரன்: சொல்லுங்க.

பொன்ராஜ்: கல்லு அடிச்சா கீறிக்கிட்டுப் போவும். சப்பளிஞ்சிருக்கும். இது நேரா குத்துன ஓட்டை. உளியால. அதுவும் என் உளி. முனைய ஒரு பக்கம் சாய்ச்சுத் தீட்டுறவன் இந்த எஸ்டேட்லயே நான் ஒருத்தன்தான். டூல் பெட்டியில இருந்து எடுத்தியா?

மாரீஸ்வரன்: …ஆமா.

பொன்ராஜ்: எப்ப?

மாரீஸ்வரன்: நீங்க சாவி குடுக்க உள்ள போனப்ப. திட்டுங்கண்ணே. அடிக்கக்கூட செய்யுங்க.

பொன்ராஜ்: கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? ஒன் வண்டிய நீயே…

மாரீஸ்வரன்: நம்ம லயம் ஏழு வீட்டு வரிசைண்ணே, ஒவ்வொண்ணா காலியாயிருச்சு. சுருளியம்மாக்கா போனாங்க. வேல்முருகன் குடும்பத்தோட போனான். என் பொண்டாட்டி செத்து நாலு வருசம். நீங்களும் போயிட்டா அந்த வரிசையில நான் ஒருத்தன். மேல் லயத்துல பூரா வடக்கத்திப் புள்ளைங்க, அதுங்க பேசுறது எனக்குப் புரியாது. இன்னும் மூணு வருசம் வேலை இருக்கு. யார்கூடப் பேசிக்கிட்டு ஓட்ட? பயமா இருந்துச்சு. ரெண்டு நாளாவது இருப்பீங்களேன்னு…

பொன்ராஜ்: …ஒரு மணி நேரம் முன்னாடி குத்தித் தொலைச்சிருக்கக் கூடாதாலே?

மாரீஸ்வரன்: என்ன?

பொன்ராஜ்: சாவியக் குடுத்திருக்க மாட்டேன்.

மாரீஸ்வரன்: வெளையாடாதீங்கண்ணே. நான் செஞ்சது தப்புதான். மகன் நம்பரச் சொல்லுங்க, இன்னைக்கு வர முடியாதுன்னு நானே சொல்லிருதேன். பாவம், காத்துக்கிட்டு இருப்பான்.

பொன்ராஜ்: போடாத. அவன் காத்துக்கிட்டு இல்ல. ஒத்த ரூம்புப்பா, இப்ப வராதீங்கன்னு போன மாசமே சொல்லிட்டான். ரிட்டயரான அன்னைக்கு இங்க மாலையப் போட்டு, மகன் வீட்டுக்குப் போறாருன்னு மைக்குல சொல்லி, எல்லாரும் கைதட்டிட்டாங்க. நீயும்தான் தட்டுன. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சு இல்லன்னு சொல்ல? உடுமலை பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுரு, மகன் வண்டியோட வருவான்னு ஒங்கிட்டப் பொய் சொல்லி அனுப்பிரலாம்னு இருந்தேன்… அதுக்கப்புறம் எங்க போறதுன்னுதான் ரோட்டுல யோசிச்சுக்கிட்டே வந்தேன்.