வெங்காயத்துக்கு இடம் விடுங்கள்

சபை நடுவே சங்கத் தலைவராய் வீற்றிருக்கும் பாக்கியரத்தினம் ஐயா அவர்களே! வெயிலில் வெந்த வெங்காயப் பாத்தியிலிருந்து விரல் கழுவி வந்த வேளாண் பெருமக்களே! வீட்டையும் வயலையும் ஒருங்கே சுமக்கும் என் தாய்மாரே! வணங்குகிறேன், வணங்கிய கையோடு வழக்கும் தொடுக்கிறேன். நாம் விதைக்கையில் விண்ணில் நிற்கும் விலை, கிண்டி எடுக்கையில் மண்ணில் கிடக்கிறதே, ஏன்? மழை பிடித்ததும் மறுபடி ஏறுகிறதே, அப்போது நம் கையில் வெங்காயம் இல்லையே, ஏன்?

நம் நிலாவெளிக் கமலேஸ்வரி அக்கா, விலை ஏறும்வரை காப்பேன் என்று விளைச்சலை வீட்டுக்குள் ஏற்றினார். வெங்காயம் கூரை வளையில் தொங்கிற்று, கட்டிலில் படுத்தது, கதிரையில் குந்திற்று. கணவர் சின்னராசா படுக்க இடமின்றிக் குசினி அடுப்படிக்குக் குடிபெயர்ந்தார்! சென்ற கிழமை மகளைப் பெண்பார்க்க ஓர்ஸ் ஹில்லிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "இருக்கக் கதிரை இல்லையோ?" என்றார்.

"இருக்குதம்மா. வெங்காயத்தை எழுப்ப ஏலாது. அடிபட்டா அழுகிப்போயிடும்" என்றார் அக்கா.

நின்றபடி தேநீர் குடித்து, நின்றபடி மூக்கைப் பொத்தி, நின்றபடியே திரும்பினார்கள்!

சிரிக்கிறீர்கள். சின்னராசா அண்ணரும் சிரிக்கிறார். அச்சிரிப்பிலும் வெங்காயம் மணக்கிறது! ஆனால் மாரி மழை வாசலில் நிற்கிறது. ஒழுகும் கூரையின்கீழ் ஒருமுறை நனைந்தால் அத்தனையும் அழுகும். அதை அறிந்த வியாபாரி நாளை காலை லொறியோடு வருகிறார். "சும்மா தாங்கோ அக்கா, ஏத்துக்கூலியை நான் பாக்கிறன்" என்கிறார். என்ன கருணை! என்ன கொடை!

நம் சங்கத்துக்குக் களஞ்சியம் இல்லையா? இருக்கிறது! காற்றோட்டமாய், கல்லால் கட்டி, வெங்காயத்துக்கென்றே திறந்த களஞ்சியம். அதற்குள் என்ன இருக்கிறது? பின்வரிசையில் ஜமால்தீன் நானா எழும்புகிறார். சொல்லுங்கள் நானா!

"கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுற கதிரைதான், தம்பி!"

கேட்டீர்களா? வெங்காயம் இருக்கவேண்டிய இடத்தில் கதிரை! கதிரை இருக்கவேண்டிய இடத்தில் வெங்காயம்! மனிதன் இருக்கவேண்டிய இடத்தில் யார்? ஒருவருமில்லை, அவன் குசினியில் முடங்கிக் கிடக்கிறான்!

தலைவர் ஐயா என்னை அமரச் சொல்லிச் சாடை காட்டுகிறார். எதில் அமர்வேன், ஐயா? அந்தக் கதிரையில்தானே! மாட்டேன்!

அன்பர்களே, சங்கத்துக் கதிரைகள் இப்போது எங்கே? இந்தக் கூட்டத்துக்காக வெளியே வந்து உங்களுக்குக் கீழே! எனில் களஞ்சியம்? காலி! கதிரை நனைந்தால் காயும். வெங்காயம் நனைந்தால் காயுமா? இன்று ஒரு கதிரையும் உள்ளே திரும்பக்கூடாது. ஆளுக்கொன்றைத் தலையில் தூக்கி வீட்டில் வையுங்கள். வெறுங்கையோடு அக்கா வீட்டு வளவுக்கு வாருங்கள். லொறி வருமுன்னே வெங்காயத்தைக் களஞ்சியத்தில் ஏற்றுவோம். பிறகு உங்கள் வீட்டு வெங்காயத்தையும் ஏற்றுவோம்!

இவ்வளவு நேரம் இருந்து கேட்டீர்கள், நன்றி. இனி எழுந்து நடக்கப்போகிறீர்கள், அதற்கு என் வணக்கம். தலைவர் ஐயா, களஞ்சியப் பூட்டின் திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கிறது. தாருங்கள்!